அப்பாவின் நம்பர் பூட்டு: 10,000இல் இருந்து 192 வரை

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 76 வயது. பஸ் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது ஞாபக மறதி. வீட்டில் ஒரு பழைய றங்குப்பெட்டி இருக்கிறது. அதில் நாலு சில்லு வைத்த நம்பர் பூட்டு தொங்குகிறது, உள்ளே காணி உறுதிப் பத்திரம். நம்பர் அப்பாவுக்கு நினைவில்லை. பூட்டை அறுக்கவும் விடுகிறார் இல்லை. வீட்டார் சேர்த்து வைத்த தடயங்கள் இவ்வளவுதான்: "கூட்டினால் ஆறு வரும்" என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். பூச்சியமும் எட்டும் அவருக்கு ஆகாது. ஒரே இலக்கம் இரண்டு தரம் வராது என்று அம்மா சொல்கிறார். நாலு வருசத்துக்கு முன்னால் அப்பா தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தம்பி ஒருமுறை திறந்திருக்கிறார். அதில் ஏழு இருந்தது நிச்சயம், முதலாவதாக இல்லை என்று நினைக்கிறாராம். பிறந்த திகதிகள், கலியாணத் திகதி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. "கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா சேர்?" என்பது கேள்வி.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். நான் படிப்பித்தது கணிதம். ஆனால் வளர்ந்தது மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட, என் அப்பாவின் திறப்பு வெட்டும் கடையில். அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்தாலும் பதில் சொல்லலாம்.

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் தடுமாறுகிற இடம் அது. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு வளையம் இருக்கிறது, அந்த வளையத்தில் ஒரே ஒரு வெட்டு. நடுவே ஓடுகிற கம்பியில் நாலு பல். நாலு வெட்டும் ஒரு கோட்டில் வந்து நின்றால் மட்டுமே நாலு பல்லும் வெளியே வரும். மூன்று சரியாக இருந்து ஒன்று பிழைத்தாலும் சரி, நாலுமே பிழைத்தாலும் சரி, பூட்டு ஒரே மாதிரித்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். "கிட்ட வந்துவிட்டோம்" என்ற கதையே இல்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற பூட்டுப் புதிர்களைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு இலக்கம் சரி, ஆனால் இடம் பிழை" என்று ஐந்து வரி கொடுத்து நம்பரைக் கேட்பார்கள். மாஸ்டர்மைண்ட் விளையாட்டும் அந்த வகைதான். அதில் 1,296 விதமான விடைகள் வரலாம். எதுவாக இருந்தாலும் ஐந்து முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்று கணினி விஞ்ஞானி டொனால்ட் க்னூத் 1977இல் காட்டினார். அது முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு முயற்சிக்கும் எதிரே இருப்பவர் ஏதோ பதில் சொல்கிறார். உங்கள் பூட்டு எதுவும் சொல்லாது. திறக்கும், அல்லது திறக்காது. சொல்லக்கூடியவர்கள் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும்தான். ஆகவே இங்கே தர்க்கம் என்றால், யார் சொன்னதை எந்த அளவுக்கு நம்புவது என்று முடிவெடுப்பது. கூட்டல் கழித்தல் அதற்குப் பிறகு.

ஒரு தடயத்தை இரண்டு விதமாகப் பாவிக்கலாம். ஒன்று, வெட்டித் தள்ளுவதற்கு: "எட்டு வராது, எட்டு உள்ளதையெல்லாம் எறி." மற்றது, வரிசைப்படுத்துவதற்கு: "ஏழு இருக்கலாம், ஏழு உள்ளதை முதலில் போட்டுப் பார்." வெட்டித் தள்ளின தடயம் பிழை என்றால் சரியான நம்பரும் அதோடு போய்விடும், பிறகு விடிய விடிய உருட்டினாலும் பூட்டு திறக்காது. வரிசைப்படுத்தின தடயம் பிழை என்றால் கொஞ்ச நேரம்தான் நட்டம். உறுதியான தடயத்தால் வெட்டுங்கள், சந்தேகமானதால் வரிசைப்படுத்துங்கள். கைக்கு அடங்குகிற அளவு வந்ததும் வெட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லடியில் ரியூசன் வகுப்பு நடத்திய காலம். ஒரு பின்னேரம் பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் சைக்கிள் பூட்டோடு வந்து நின்றான். நாலு வளையம் வைத்த வயர் பூட்டு. அண்ணனின் சைக்கிள், நம்பர் மறந்துவிட்டான். "ஐஞ்சு ரெண்டு தரம் வரும் சேர், அது மட்டும் தெரியும்" என்றான். நான் அதையே ஒரு கணக்காகக் கரும்பலகையில் போட்டேன். ஐந்து இரண்டு இடத்தில் வர 6 வழி, மிச்ச இரண்டு இடத்திலும் ஐந்து தவிர்ந்த 9 இலக்கம், ஆக 6 × 81 = 486. பிள்ளைகள் ஆள் மாறி ஆள் உருட்டினார்கள். இருட்டிப் போய் லைட் போட்டும் உருட்டினார்கள். 486உம் முடிந்தது, பூட்டு அப்படியே கிடந்தது. கடைசியில் அண்ணன்காரன் தேடிக்கொண்டு வந்து, "ஐம்பத்திரெண்டு ஐம்பத்தைஞ்சு" என்று சொல்லிக்கொண்டே திறந்தான். 5255. ஐந்து மூன்று தரம் வருகிறது! தம்பிக்காரனின் காதில் நின்றது "ஐம்பது" இரண்டு தரம் கேட்ட சத்தம். அவன் பொய் சொல்லவில்லை, அவன் இலக்கத்தைச் சொல்வதாக நான்தான் எடுத்துக்கொண்டேன்.

நம்முடைய ஆட்கள் நாலு இலக்கத்தை இரண்டு இரண்டாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள், "நாப்பத்தேழு, முப்பத்தொண்டு" என்று. ஆகவே உங்கள் தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஏழு இருந்ததா?" அல்ல. "அப்பா ஃபோனில் எப்படிச் சொன்னார், அதே மாதிரிச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். தனித்தனி இலக்கமாகவா, இரண்டு இரண்டாகவா? "எழுபத்து" என்று ஆரம்பித்த ஞாபகமா, "தேழு" என்று முடிந்த ஞாபகமா? முன்னது என்றால் ஏழு முதலாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கிறது. பின்னது என்றால் இரண்டாவதாகவோ நாலாவதாகவோ இருக்கிறது.

இனி உங்கள் தடயங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

"கூட்டினால் ஆறு." இதை நான் நம்புகிறேன். நம்பர் மறந்த பிறகும் அப்பா வாயில் இது நிற்கிறது என்றால், அவர் நம்பரைத் தெரிவு செய்ததே இதை வைத்துத்தான். ஆனால் எண்கணிதம் பார்க்கிறவர்கள் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போவார்கள். 15 என்றாலும் 1+5 ஆறுதான், 24 என்றாலும் 2+4 ஆறுதான், 33 என்றாலும் ஆறுதான். அவர் மொத்தத்தைச் சொல்லவில்லை, கூட்டெண்ணைச் சொல்கிறார்.

"பூச்சியம் ஆகாது." இதுவும் நிற்கும். "எட்டு ஆகாது" என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை. எட்டு சனியின் எண் என்று ஒதுக்குகிறவர்களில் பலர் ஒதுக்குவது எட்டு வருகிற கூட்டெண்ணை. உள்ளே ஒரு எட்டு இருப்பதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். அப்பா எந்த வகை என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். நேராகக் கேட்காதீர்கள். மறதி உள்ளவரிடம் "நம்பர் என்ன, நம்பர் என்ன" என்று கேட்டால் பதறுவார், பதற்றத்தில் இன்னும் போகும். காலையில், தேத்தண்ணி குடித்து ஆறுதலாக இருக்கும்போது ஒரு புதுப் பூட்டைக் கையில் கொடுத்து, "அப்பா, இது புதுசா வாங்கினது, இதுக்கு என்ன நம்பர் போடுவம்?" என்று கேளுங்கள். பழைய நம்பர் மறந்திருக்கலாம், நம்பர் தெரிவு செய்கிற பழக்கம் இலேசில் போகாது. அவர் சொல்கிற நம்பரில் எட்டு வருகிறதா, ஒரே இலக்கம் திரும்ப வருகிறதா, கூட்டினால் ஆறு வருகிறதா என்று பாருங்கள். மூன்று நாலு நாள் விட்டு விட்டுக் கேளுங்கள். சொல்கிற ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர் வாயில் பழைய நம்பரே வந்துவிட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதே புதுப் பூட்டை வைத்து இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளலாம். "1234 போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, இலக்கங்களை எந்தக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறார், பூட்டை எந்தப் பக்கமாகப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். பழைய பூட்டில் புள்ளியோ கீறோ அழிந்து போயிருக்கும். நீங்கள் நேரே தெரிகிற வரிசையைப் பார்த்து உருட்ட, பூட்டு வேறொரு வரிசையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். சரியான நம்பர் கையில் இருந்தும் திறக்காமல் எங்கள் கடைக்கு வந்த பூட்டுகளை என் அப்பா காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர் பூட்டைக் கையில் வாங்கினதும் ஒன்றும் கேட்காமல் முதலில் வெளிச்சத்தில் சரித்துப் புள்ளியைத் தேடுவார்.

அம்மாவின் "ஒரே இலக்கம் இரண்டு தரம் வராது" என்பது எங்கிருந்து வந்தது? அப்பாவின் விதி என்றால் உறுதி. அம்மாவின் ஊகம் என்றால் அரைவாசிதான் உறுதி. தம்பியின் ஏழு, மேலே சொன்னபடி, வரிசைப்படுத்த மட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். நாலு சில்லு, ஒவ்வொன்றிலும் பத்து இலக்கம், ஆக 10,000. பூச்சியம் இல்லை, திரும்ப வராது என்றால் 9 × 8 × 7 × 6 = 3,024. கூட்டெண் 6 என்ற நிபந்தனையைப் போட்டால் அது 336 ஆகிவிடுகிறது. சரியாக ஒன்பதில் ஒன்று. இது தற்செயல் இல்லை. ஒரு நம்பரை எடுத்து நாலு இலக்கத்தையும் ஒவ்வொன்று கூட்டுங்கள், 9 இருந்தால் அதை 1 ஆக்குங்கள். கூட்டெண் நாலு நாலாக நகரும். நாலு நாலாக நகர்ந்தால் ஒன்பது கூட்டெண்ணையும் ஒரு சுற்றில் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வரும். ஆகவே ஒன்பது கூட்டெண்ணுக்கும் சமபங்கு. ரியூசனில் இதைச் சொன்னால் இரண்டு பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கும், மிச்சம் மணிக்கூட்டைப் பார்க்கும்.

அடுத்து, எட்டையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? வேறு வேறான நாலு இலக்கத்தை, பூச்சியம் இல்லாமல், ஆகக் குறைத்துக் கூட்டினால் 1+2+3+4 = 10. எட்டைச் சேர்த்தாலும் ஆகக் கூடினால் 9+8+7+6 = 30. ஆகவே மொத்தம் 6 ஆகவும் இருக்க முடியாது, 33 ஆகவும் இருக்க முடியாது. 15 அல்லது 24. எட்டு இல்லாமல் 15 வருகிற கூட்டங்கள் ஐந்து: 1-2-3-9, 1-2-5-7, 1-3-4-7, 1-3-5-6, 2-3-4-6. 24 வருகிறவை மூன்று: 2-6-7-9, 3-5-7-9, 4-5-6-9. இவ்வளவுதான். வேறு ஒன்று கண்டுபிடித்தீர்கள் என்றால் திரும்பக் கூட்டிப் பாருங்கள்.

எட்டுக் கூட்டம், ஒவ்வொன்றையும் 24 விதமாக அடுக்கலாம், ஆக 192 நம்பர். ஒரு நம்பருக்கு ஆறு செக்கன் என்று வைத்தால் 192க்கு 19 நிமிசம். இது கைக்கு அடங்குகிற அளவு. ஆகவே தம்பியின் ஏழை வைத்து இதை மேலும் வெட்டத் தேவையில்லை, வரிசைப்படுத்தினால் போதும். ஏழு உள்ள கூட்டம் நாலு: 1-2-5-7, 1-3-4-7, 2-6-7-9, 3-5-7-9. அதில் ஏழு முதலாவதாக வராதவை 72. அதை முதல் தாளில் எழுதுங்கள். ஏழு முதலாவதாக வருகிற 24 இரண்டாம் தாள். ஏழே இல்லாத 96 மூன்றாம் தாள்.

எழுதும்போது மனம் போன போக்கில் எழுதினால் ஒன்று இரண்டு விடுபடும், விடுபட்டதுதான் விடையாக இருந்து தொலைக்கும். முதல் இலக்கத்தை நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் ஏறுவரிசையில் இருந்து மாற்றுங்கள்: 1347, 1374, 1437, 1473, 1734, 1743. ஒன்றில் தொடங்குவது ஆறு. பிறகு மூன்றில் தொடங்கி ஆறு, நாலில் ஆறு, ஏழில் ஆறு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 24 வந்ததா என்று எண்ணுங்கள். உருட்டும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர் போட, வாசிக்கிறவர் பேனையால் வெட்டிக்கொண்டு போக வேண்டும். தனியே செய்தால் "இதைப் போட்டேனா இல்லையா" என்று ஐந்தாவது நிமிசத்திலேயே குழப்பம் வரும்.

அப்பா எட்டைப் பாவிக்கிற ஆள் என்று புதுப் பூட்டுப் பரிசோதனையில் தெரிந்தால் இன்னும் ஆறு கூட்டம் சேரும். 15க்கு 1-2-4-8. 24க்கு 1-6-8-9, 2-5-8-9, 3-4-8-9, 3-6-7-8, 4-5-7-8. அவை 144 நம்பர், மொத்தம் 336, கிட்டத்தட்ட 34 நிமிசம். அதுவும் ஒரு பின்னேர வேலைதான்.

எட்டு வராது, ஆனால் இலக்கம் திரும்ப வரலாம் என்றால் மொத்தம் 455. முக்கால் மணித்தியாலம். இந்த 455ஐ உங்களுக்குக் கூட்டமாகப் பிரித்து எழுதித் தரப்போவதில்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் வேறொரு வழி சுலபம். கடையில் என் அப்பா செய்கிற வழி அது. கணித ஆசிரியரான எனக்கு அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்.

முதல் மூன்று சில்லையும் ஒரு நம்பரில் நிறுத்துங்கள். பூட்டின் வளைகம்பியைப் பெருவிரலால் மெல்ல, மிக மெல்ல, இழுத்துப் பிடித்துக்கொண்டு நாலாவது சில்லை ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். சரியான இலக்கம் வருகிற இடத்தில் கம்பி தானாக வெளியே வரும். பத்து நம்பரைத் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பதற்குப் பதில் ஒரே சுற்று, ஐந்து செக்கன். அதாவது நாலாவது சில்லு உங்களுக்கு இனாம். பிறகு மூன்றாவது சில்லை ஒரு இலக்கம் தள்ளிவிட்டு, நாலாவதை நின்ற இடத்தில் இருந்தே மறுபடியும் உருட்டுங்கள். பூச்சியத்துக்குத் திருப்பிக் கொண்டுவரத் தேவையில்லை, சில்லு வட்டம்தானே.

இப்படிச் செய்தால் முழுப் 10,000உம் ஆயிரம் சுற்றுத்தான். 5,000 செக்கன், கிட்டத்தட்ட 83 நிமிசம். ஒரு தடயமும் இல்லாமலே! பூச்சியமும் எட்டும் இல்லை என்பதை மட்டும் வைத்தால் முதல் மூன்று சில்லுக்கும் 8 × 8 × 8 = 512 சுற்று, 43 நிமிசம். மேலே 455 நம்பரைத் தனித்தனியாகப் போட எவ்வளவு சொன்னேன்? அதுவும் முக்கால் மணித்தியாலம். கூட்டெண் தெரிந்த கெட்டிக்காரனும், கூட்டெண்ணே தெரியாமல் உருட்டுகிறவனும் ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். மூன்று சில்லுப் பூட்டு, அதாவது சூட்கேசில் வருவது, என்றால் தர்க்கத்துக்கு வேலையே இல்லை. நூறு சுற்று, எட்டு ஒன்பது நிமிசம். கட்டாரில் இருந்து வந்த சூட்கேஸ் பூட்டைக் கொண்டுவந்து "சேர், இதற்கு என்ன சூத்திரம்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, கதிரையைப் போட்டு இருந்து உருட்டு என்பதுதான். (அந்தச் சூட்கேசில் பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பு ஓட்டை இருக்கும். அது அமெரிக்க விமான நிலையச் சோதனைக்காரருக்கு. அதற்கான திறப்பு உங்களுக்குத் தந்திருக்க மாட்டார்கள், வீட்டில் தேடாதீர்கள்.)

ஆனால் இந்த உருட்டல் வழி பூட்டு நல்ல நிலையில் இருந்தால்தான் சரிவரும். களுவாஞ்சிகுடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பல வருசம் தொங்கின பூட்டு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கம்பி துருவோடு ஒட்டியிருந்தால், சரியான இலக்கத்தைக் கடந்து போகும்போதும் வெளியே வராது, நீங்களும் தாண்டிப் போய்விடுவீர்கள். உங்கள் பூட்டுக்கு 192 தாளை நான் விரும்புவது அதனால்தான். ஒவ்வொரு நம்பரிலும் நின்று, கம்பியை ஒருமுறை உள்ளே அழுத்தி, பிறகு இழுத்துப் பார்க்கலாம். உள்ளே அழுத்துவது முக்கியம், ஒட்டினது அப்போதுதான் விடுபடும்.

அதற்கும் முதல் வேலை, முந்தின நாள் இரவே துரு இளக்குகிற ஸ்பிரேயை, டபிள்யூ.டி. 40 மாதிரி ஒன்றை, சில்லுகளுக்கு இடையிலும் கம்பி உள்ளே போகிற ஓட்டையிலும் அடித்துவிட்டு, ஒவ்வொரு சில்லையும் நாலைந்து சுற்று உருட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அன்றைக்கு வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். என் அப்பா, கடைக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட பூட்டு வந்தால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் தொடுவார்.

உருட்டும் முன் பூட்டு இப்போது என்ன நம்பரில் நிற்கிறது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? உங்கள் கேள்வியில் பேரன் அதை உருட்டி விளையாடினதாக ஒரு வரி இருந்தது, ஆகவே உங்களுக்கு இது பிந்திவிட்டது. வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூட்டின பிறகு நாலு சில்லையும் கலைக்கிறவர் குறைவு. பெருவிரலால் கடைசி ஒன்று இரண்டைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் கூட. மறந்துபோன பூட்டு கையில் கிடைத்தால், தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, முதல் இரண்டு சில்லையும் அசைக்காமல் கடைசி இரண்டை மட்டும் நூறு விதமாகப் போட்டுப் பாருங்கள். பத்துச் சுற்றுத்தான், ஒரு நிமிசம். இதிலேயே திறந்த பூட்டுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அம்மாவிடம் கேட்கலாம், அப்பா பூட்டினதும் எந்தச் சில்லைத் தட்டுவார் என்று. அது பழக்கம், அம்மா கண்டிருப்பார்.

திகதிகளைப் பற்றியும் ஒரு சொல். மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் நினைவில் நிற்கிற திகதிகள் சில உண்டு. சூறாவளி அடித்த 1978 நவம்பர் 23, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26. 1978, 2311, 2612 என்று போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். போடுவதற்கு முன் கூட்டிப் பார்த்திருக்கலாம்: 1978 கூட்டினால் 25, கூட்டெண் 7. 2311உம் 7. 2612 கூட்டினால் 11, கூட்டெண் 2. ஒன்றும் ஆறு இல்லை. 2004 மட்டும் ஆறு, ஆனால் இரண்டு பூச்சியம். அதோடு, நல்ல எண் பார்த்துப் பூட்டுப் போடுகிற மனிசன் அந்த வருசத்தைப் போடுவாரா? அடையாள அட்டை நம்பரையும் இதே மாதிரிப் பார்க்கலாம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்று அந்த வருசத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அதிலிருந்தும் கடைசி நாலு இலக்கத்தை எடுத்துப் பாவிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருடைய அட்டையையும் எடுத்து, தொடர்ந்து வருகிற நாலு இலக்கங்களில் கூட்டெண் 6 வருகிறது, பூச்சியம் இல்லாதது எது என்று பாருங்கள். ஒரு அட்டையில் தேறினால் ஒன்றோ இரண்டோதான், தேறினதை முதல் தாளுக்கும் மேலே எழுதுங்கள். பென்சன் நம்பர், பழைய பஸ்ஸின் நம்பர் இருந்தால் அதையும் இப்படியே சலியுங்கள். நடத்துநராக இருந்தவருக்கு அந்த நம்பர்தான் முதலில் வாயில் வந்திருக்கும்.

மூன்று தாளும் முடிந்து, எட்டு உள்ள 144உம் முடிந்து, ஆயிரம் சுற்றும் முடிந்து திறக்கவில்லை என்றால் கோளாறு பூட்டில். அப்போது அறுக்கத்தான் வேண்டும். பெட்டியின் கொண்டியை நெம்பாதீர்கள். பழைய றங்குப்பெட்டியின் தகரம் கிழிந்தால் திரும்ப ஒட்டாது. வளைகம்பியை இரும்பு வாளால் அறுங்கள், அப்பாவைப் பக்கத்தில் இருத்திவைத்து. உறுதியை அவரே எடுத்துக் கொடுக்கட்டும். திறந்துவிட்டால், பூட்டைத் திரும்பக் கொழுவ முன் நம்பரை எழுதி எனக்கும் ஒரு வரி போடுங்கள். ஏழு எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று தெரிய ஆசை.